ஓட்டம் யாருக்கு? சோர்வு யாருக்கு?

ஆண்டுதோறும் அக்டோபர் 10ஆம் தேதியை உலக மனநல நாள் என்று அனுஷ்டிக்கிறார்கள். 1992 முதல் இருந்துவரும் வழக்கம் இது. அன்று காலை, வெயில் ஏறும் முன்பே, நகரங்களில் பனியன் வழங்குகிறார்கள். பனியனில் ஒரு வாசகம். அதன் கீழே பணம் கொடுத்த கம்பெனிகளின் முத்திரைகள். கொடியசைக்க ஒரு கனவான் வருகிறார். 5 கிலோமீட்டர் ஓட்டம். முடிவில் பதக்கம், வாழைப்பழம், போட்டோ. கல்லூரிச் சுவரில் ஒரு சித்திரம்: தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், அதற்குப் பக்கத்தில் உதிக்கும் சூரியன். சாயங்காலம் பார்த்தால் சாலையில் காலித் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் கிடக்கும்.

அதே காலையில் நமது காவிரிப் பாசன ஜில்லாக்களில் என்ன நடக்கிறது? குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழைக்கு நடுங்கிக் குவிந்திருக்கிறது. சம்பா நடவுக்குப் பெண்கள் சேற்றில் இறங்கிவிட்டார்கள். நூலாலையில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் பஞ்சு படிந்த தலையோடு, எரியும் கண்ணோடு கேட்டைத் தாண்டி வருகிறார்கள். இவர்களில் ஒருவருக்கும் அந்தப் பனியன் வரவில்லை. பனியன் வேண்டுமென்று நாம் கேட்கவும் இல்லை. நாம் கேட்பது வேறு. மனச்சோர்வு என்ற நோயைப் பற்றி ஜனங்களிடம் சொல்லப் பாட்டும் கூத்தும் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறீர்களே, அவை எந்த மண்ணில் நடக்க வேண்டும்? யார் கையில் இருக்க வேண்டும்? எந்த உண்மையைச் சொல்ல வேண்டும்?

முதலில் நோயைப் பற்றிப் பேசிவிடுவோம். ஏனென்றால் நம்மில் பலருக்கு அந்தப் பெயரே புதிது. ஆனால் நோய் புதிதல்ல. "அவன் ஒரு மாதிரியா இருக்கான்" என்று நம் ஊரில் சொல்வார்கள். சோற்றில் கை வைக்கமாட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பான். வேலைக்குக் கூப்பிட்டால் உடம்பெல்லாம் வலி, நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது என்பான். பிள்ளை வந்து மடியில் விழுந்தாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இராது. "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருநாள் சொல்வான். வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள், இல்லையேல் செய்வினை என்பார்கள். மேஸ்திரி அதைத் திமிர் என்பார். பக்கத்துத் தெரு வைத்தியர் சத்து ஊசி போட்டு அனுப்புவார். இரண்டு வாரங்களுக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி ஒருவர் இப்படி இருந்தால் அது நோய் என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. துக்கம் வேறு, இது வேறு. துக்கம் ஆறும், இது உள்ளே இறங்கி உட்காரும்.

இந்தியாவில் 2015-16ல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய்க்கு ஆளாகிறவர் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் என்று அந்த ஆய்வு கண்டது. இதையும் இதைப்போன்ற மற்ற சாதாரண மனநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கப்பட்டவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. உலகம் முழுவதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது ஒன்றரை மடங்கு அதிகம். நடவாட்கள் கூட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். கணக்குப்படி அதில் ஒருத்தியாவது தன் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சுமக்கிறாள். பக்கத்தில் நிற்பவளுக்கு அது தெரியாது.

ஆகவே, சொல்ல வேண்டியது அவசியம். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அச்சடித்த நோட்டீஸைவிடத் தப்புச் சத்தம் தூரம் போகும் என்பதிலும் சந்தேகம் இல்லை. நாம் எதிர்ப்பது ஓட்டத்தையோ சித்திரத்தையோ அல்ல. அவற்றின் பின்னால் ஒளிந்து வரும் ஒரு உபதேசத்தை: "சோர்வாக இருக்கிறாயா? எழுந்து ஓடு. சிரி. நல்லதையே நினை. எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது." கேட்க இனிப்பாக இருக்கிறது. இதன் மறுபக்கம் என்ன? எழுந்து ஓட முடியாதவன் குற்றவாளி. சிரிக்க முடியாதவள் குற்றவாளி. வட்டி, வறட்சி, கூலிக்குறைப்பு, ஜாதி அவமானம், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன், எல்லாம் படத்திலிருந்து மறைந்துவிட, நோயாளி மட்டும் நடுவில் நிற்கிறான், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு. வாரம் தவறாமல் தவணைக்கு வாசலில் வந்து நிற்கிற கடன் கம்பெனிகூட அந்தப் பனியனில் தன் முத்திரையைப் பதித்துக்கொள்ளலாம், தடுப்பவர் யாருமில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பது மெய். நடை, மெது ஓட்டம், யோகாசனம், பளு தூக்குதல் எல்லாமே பலன் தருகின்றன என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் அதே ஆராய்ச்சிகள் சொல்லும் இன்னொரு செய்தியைக் கொடியசைக்கும் கனவான்கள் சொல்வதில்லை. ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு செய்யும் உடலசைவுதான் மனசுக்கு நன்மை செய்கிறது. கூலிக்காகச் செய்யும் உழைப்பில் அந்த நன்மை கிடைப்பதாகத் தெரியவில்லை. உடல் அசைந்தால் போதும் என்றால், உலகத்திலேயே சந்தோஷமான ஜனங்கள் தஞ்சாவூர் நடவாட்களாகத்தான் இருக்க வேண்டும்! காலை ஏழு மணி முதல் முதுகு நிமிராதவளுக்கு எந்த டாக்டர் ஓட்டப் பயிற்சியைச் சிபாரிசு செய்வார்? அவளுக்கு வேண்டியது அசைவு அல்ல. தனக்கென்று ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கும்மியடிப்பாளோ, பந்தாடுவாளோ, சும்மா உட்கார்ந்து பேசுவாளோ, அது அவள் இஷ்டம்.

இந்தப் பிரதேசத்தில் ஓய்வு நேரம் தானாக வந்ததல்ல. கோழி கூவும் முன்னே பண்ணைக்குப் போய் இருட்டிய பின் திரும்பிய பண்ணையாட்களின் பேரன் பேத்திகள் நாம். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் போராடி, 1952ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான், "இத்தனை நேரம்தான் வேலை" என்ற பேச்சே எழுந்தது. விளையாட்டு என்பது நமக்கு உரிமைப் பிரச்னை. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இப்போது நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. "மனச்சோர்வா? அது பணக்காரன் வியாதி. நமக்கு வயிற்றுப் பிரச்னை தீர்ந்தால் மனசுப் பிரச்னை தானாகத் தீரும். பாட்டுப் பாடி, சடுகுடு ஆடி, இதைப் பிரசாரம் செய்வது ஜனங்களைத் திசைதிருப்பும் வேலை" என்று சொல்கிற தோழர்கள் உண்டு. சங்கக் கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறோம். தோழர்களே, காசநோயும் வறுமையின் நோய்தான். ஒண்டுக் குடிசையும் அரை வயிறும்தான் அதை வளர்க்கின்றன. அதற்காக, வறுமை ஒழியும்வரை காசநோய்க்காரன் மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று சொல்கிறோமா? வறுமையை ஒழிக்கப் போராடுகிறோம். ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லையென்றால் அதற்காகவும் போராடுகிறோம். மனசு விஷயத்தில் மட்டும் ஏன் இந்த வைராக்கியம்? உள்ளபடியே சொன்னால், வைராக்கியம் அல்ல, வெட்கம். கால் முறிந்த தோழரைத் தோளில் தூக்கிப்போகிறோம். மனசு முறிந்த தோழர் கூட்டத்துக்கு வராவிட்டால் "கழன்றுகொண்டான்" என்கிறோம்.

ஆனால் ஜனங்கள் இந்த நோயின் பேரைச் சொல்லப் பயப்படுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது வெட்கத்தைவிட ஆழமானது. அதற்கு சர்க்கார் பொறுப்பு. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. எட்டுக் குறுவைக்கு ஆபத்து என்றால் நிலமுள்ளவனுக்கு நஷ்டம். நிலமற்றவனுக்கோ வேலையே இல்லை. 2016ல் அணை திறந்ததே செப்டம்பர் 20ல். சம்பாவையாவது வடகிழக்குப் பருவமழை காப்பாற்றும் என்று பார்த்தால், அந்த மழை 100க்கு 62 பங்கு பொய்த்தது. காய்ந்த பயிரைப் பார்த்து நின்ற இடத்திலேயே நெஞ்சு வெடித்து இறந்தவர்கள், தாமே உயிரை முடித்துக்கொண்டவர்கள் என்று டெல்டாவில் நாள்தோறும் செய்தி வந்தது. 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த மாதமே தமிழ்நாடு முழுவதும் வறட்சி மாநிலம் என்று சர்க்கார் அறிவித்தது. ஆனால் ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன் அதே சர்க்கார் என்ன சொன்னது? வறட்சியினால் எந்த விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. எல்லாம் சொந்தக் காரணங்கள்!

சொந்தக் காரணம்! கடன் பத்திரத்தில் சொந்தக் கையெழுத்து என்பதனாலா?

இதனால் நேர்ந்தது என்ன? ஒரு குடும்பம் தன் வீட்டு இறப்பில் மனநோய் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் நிவாரணம் போயிற்று என்ற பயம் ஊரெங்கும் பரவிற்று. நோய் என்று சொன்னால் கடன் மறைந்துவிடும். கடன் என்று சொன்னால் நோயை மறைக்க வேண்டும். இந்தக் கிடுக்கியில் ஜனங்களை மாட்டிவிட்டு, பிறகு "மனம் திறந்து பேசுங்கள்" என்று சுவரில் எழுதுவது எவ்வளவு பெரிய கேலி! கடன் ஒரு மனிதனை நோயாளியாக்கும். நோய் அவனுக்கு எல்லா வழியும் அடைபட்டுவிட்டதாகக் காட்டும். இரண்டும் உண்மை. ஒன்றை ஒத்துக்கொண்டால் மற்றது பொய்யாகிவிடும் என்பது ரெவின்யூ இலாகா தர்க்கமே தவிர, வைத்தியமும் அல்ல, நியாயமும் அல்ல. பட்டா இல்லாத குத்தகைக்காரரும் கூலியாட்களும் 'விவசாயி' என்ற கணக்கிலேயே வருவது கஷ்டம் என்பது தனிக் கதை. 2014 முதல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே நில விவசாயிகளையும் விவசாயத் தொழிலாளர்களையும் தனித்தனிப் பட்டியலில் போடுகிறது.

அந்த வருஷத்தில்தான் நம் பக்கத்து விவசாயிகள் ஒரு கூத்து நடத்தினார்கள். கூத்து என்றுதான் சொல்கிறோம், மரியாதையோடு சொல்கிறோம். 2017 மார்ச் 14 முதல் ஏப்ரல் 23 வரை, 41 நாட்கள், டில்லி ஜந்தர் மந்தரில் திருச்சி அய்யாக்கண்ணு தலைமையில் வந்த விவசாயிகள் மண்டையோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உயிரை விட்ட விவசாயிகளின் மண்டையோடுகள் என்றார்கள். எலியை வாயில் கவ்வினார்கள். பாதித் தலையை மழித்தார்கள். தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். அருவருப்பாக இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நமக்கும் அதில் எல்லாமே சம்மதம் என்று சொல்லமாட்டோம். சில நாட்களில் காமிரா கேட்டதற்கெல்லாம் ஆடவேண்டி வந்ததைக் கண்டு மனம் கசந்தது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. டெல்டாவின் துயரம் எப்படியிருக்கும் என்று இந்தியா முழுவதற்கும் காட்டியது அந்தக் கூத்துதான். எந்த ஓவியப் போட்டியும் அல்ல. துயரத்தை அதன் காரணத்தோடு சேர்த்து நடுத்தெருவில் நிறுத்தினார்கள். அதனால்தான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கலையும் விளையாட்டும் சேர்ந்து ஒரு ஜில்லாவையே அசைத்ததற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தஞ்சாவூருக்குத் தெற்கே புதுக்கோட்டை. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் புறப்பட்டது. கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய் நாடகம் போட்டன, பாட்டுப் பாடின. எழுத்துக் கற்பிக்கப் போனவர்கள் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்பித்தார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல் உடைக்கும் பெண்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், பள்ளிச் சிறுமிகள் எல்லாரும் பழகினார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார்; சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடு நடந்தது. 1992 மகளிர் தினத்தன்று கொடி கட்டிய சைக்கிள்களில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தபோது, ஊர் வாயடைத்து நின்றது.

அந்த ஊர்வலத்துக்கும் இன்றைய பனியன் ஓட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? அங்கே ஊர்வலம் கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருந்தார்கள், இரவு வகுப்பு இருந்தது, பேச இடம் இருந்தது. ஊர்வலம் முடிந்த மறுநாள் சைக்கிள் அவள் கையில் இருந்தது; புருஷனுக்காகக் காத்திராமல் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனாள். அன்று பாடிய பாட்டுகளை நம் கிழவிகள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். பனியன் ஓட்டம் முடிந்த மறுநாள் ஓடியவர் கையில் என்ன மிஞ்சுகிறது?

அதே புதுக்கோட்டை ஜில்லாவில் பின்னாளில் சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்ற மனநல ஸ்தாபனம் ஒரு பஸ்ஸை ஓட்டியது. பஸ்ஸுக்குள் டெலிவிஷன் வழியாக டாக்டர் சென்னையிலிருந்து நோயாளியிடம் பேசுவார். மருந்து அங்கேயே கொடுக்கப்படும். ஊர் ஜனங்களுக்கு மனநோய் பற்றிய படங்களும் காட்டுவார்கள். படம் காட்டிய வண்டியிலேயே மருந்தும் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். படம் மட்டும் வந்து மருந்து வராவிட்டால், பசித்தவனிடம் பந்தியை வர்ணித்த பாவம்தான் மிஞ்சும்.

நமது கடற்கரையும் இதைக் கண்டிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்த ஆண்டே டிசம்பர் 26ல் கடல் பொங்கி நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டது. அதன்பின் முகாம்களில் தொண்டர்கள் பிள்ளைகளுக்குக் காகிதமும் வர்ணமும் கொடுத்தார்கள், பந்து கொடுத்தார்கள். வாய் திறக்காத பிள்ளைகள் கடலைக் கறுப்பாக வரைந்தார்கள். வரைந்ததைப் பற்றிக் கேட்டபோது பேசினார்கள். கலை அங்கே அலங்காரம் அல்ல. பூட்டிய வாயைத் திறக்கும் சாவி. பெரியவர்களுக்கும் அப்படி ஒரு சாவி வேண்டாமா?

நம்மிடம் இருக்கிறது. ஒப்பாரி என்பது என்ன? துக்கத்தை ஊர் நடுவே, பாட்டாக, மற்றப் பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லும் கலை. செத்தவருக்காக மட்டும் அனுமதித்திருக்கிறோம். உயிரோடு இருக்கும்போதே வெந்துகொண்டிருக்கும் பெண் தன் பாட்டைப் பாட எங்கே இடம்? ஆண்களுக்கு அதுவும் இல்லை; டாஸ்மாக் கடைதான் இருக்கிறது. அங்கே போய்ச் சோர்வை மறப்பதாக நினைத்துச் சோர்வுக்கே வட்டி கட்டுகிறார்கள். குடி இந்த நோயை மோசமாக்கும் என்பது டாக்டர்கள் எல்லாரும் சொல்லும் உண்மை.

தஞ்சாவூர்த் தப்பாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாவுக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு ஜாதியின் தலையில் கட்டிய அடிமை வேலையாக இருந்ததை, அதே ஜனங்கள் கலையாக்கி மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிறார்கள். இளைஞர்களே, அந்தத் தப்பை எடுத்துக்கொண்டு நாற்சந்திக்கு வாருங்கள். கால் மணி நேர நாடகம் போதும். கடன்காரன் வரட்டும், மேஸ்திரி வரட்டும், மாந்திரீகன் வரட்டும், "எழுந்து ஓடு" என்று உபதேசிக்கும் பனியன்காரரும் வரட்டும், ஜனங்கள் சிரிக்கட்டும். ஆனால் நோயாளியைப் பார்த்துச் சிரிக்க வைத்தால் நாடகம் கெட்டது. சினிமாவில் பைத்தியக்காரனைக் கோமாளியாக்கிப் பார்த்துப் பழகிய கண்கள் நமக்கு; அந்தப் பழக்கத்தை முதலில் நம் மேடையிலிருந்து விரட்ட வேண்டும். தற்கொலையைத் தியாகம் போலவும் காட்டக்கூடாது. எப்படிச் செத்தான் என்று விவரிக்கவும் கூடாது. அது ஏற்கெனவே தத்தளிப்பவனுக்கு வழிகாட்டுவதாக முடியும். காட்ட வேண்டியது எப்படி மீண்டான் என்பதை. மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், நாலு நாளில் குணமில்லை என்று தூக்கியெறியக்கூடாது, டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. இந்தச் சமாசாரங்களை ஒரு தெம்மாங்கு மெட்டில் போட்டால் எழுதப் படிக்கத் தெரியாத கிழவரும் மறக்கமாட்டார்.

விளையாட்டென்றால் நமக்குச் சடுகுடு. பொங்கலுக்குப் போட்டி நடக்காத ஊர் டெல்டாவில் உண்டா? அந்த ஆட்டத்தின் விதியைக் கொஞ்சம் யோசியுங்கள். அடிபட்டவன் கோட்டுக்கு வெளியே போய் உட்காருகிறான். அவன் எவ்வளவு பலசாலியானாலும் தானாக எழுந்து உள்ளே வர முடியாது. உள்ளே நிற்கும் தோழர்கள் ஒரு புள்ளி எடுத்தால்தான் அவன் திரும்ப வரலாம். மனச்சோர்வுக்காரனைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதை மைதானத்தில் நிற்கும் ஒவ்வொரு பையனும் ஏற்கெனவே அறிவான். அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே பத்து நிமிஷம் இதைப் பேசுங்கள். ஆயிரம் பேர் கேட்பார்கள்.

ஆனால் எந்த மைதானம்? சேரிப் பையன் ஊர்த்தெரு மைதானத்தில் கால் வைக்கலாமா? புறம்போக்கு விளையாட்டுத் திடலை வளைத்து வேலி போட்டது யார்? குழுவின் பேரிலும் பனியன் நிறத்திலும் ஜாதி ஒளிந்திருக்கும் போட்டிகளை நாம் பார்க்கவில்லையா? அவமானமே ஒரு நோய்க்காரணம். காலையில் அவமதித்துவிட்டு மாலையில் மனநலம் பேசினால் யார் நம்புவார்கள்? முதலில் திடலைத் திறக்கட்டும். பெண்களுக்கும் வாரத்தில் சில மாலைகள் அது அவர்களுக்கே என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகட்டும். நூலாலை விடுதிகளில் அடைபட்டிருக்கும் நம் ஜில்லாப் பெண்பிள்ளைகளை நினைத்தும் சொல்கிறோம்: திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கங்களுக்குக் கல்யாணச் செலவுக்கென்று போன பெண்கள் அவர்கள். வாரத்தில் ஒருநாள் கேட்டுக்கு வெளியே போகக் கண்காணிப்பு. வீட்டோடு பேசப் போனுக்குக் கட்டுப்பாடு. அங்கே நிர்வாகம் யோகா வகுப்பு நடத்தினால் நாம் கைதட்ட வேண்டுமா? எட்டு மணி நேர ஷிப்டும், திறந்த கேட்டும் கொடுத்துவிட்டு யோகாவுக்கு வரட்டும்.

யார் பேசுவது, டாக்டர்தானே பேச வேண்டும் என்று கேட்பீர்கள். ஜிம்பாப்வே நாட்டில் 2006 முதல் ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு போட்டுப் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் உட்காருகிறார்கள். மனம் சோர்ந்தவர்கள் அவர்களிடம் வந்து பேசுகிறார்கள். பரீட்சித்துப் பார்த்தபோது சோர்வு குறைந்தது நிரூபணமாயிற்று. நம் கோவாவிலும் டாக்டரல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சில வாரங்கள் தொடர்ந்து பேசச் செய்து அதே பலனைக் கண்டார்கள். நடவுக் கொத்தின் தலைவிக்கு இது முடியாதா? வேண்டியது பயிற்சி, அதற்குக் கூலி. சர்க்கார் இதையும் இனாம் சேவையாக நம் பெண்கள் தலையில் கட்டப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

வேறு பாதுகாப்பும் வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் சென்னை ஸ்னேகா ஸ்தாபனத்தார் பூச்சிமருந்துக்குப் பொதுக் கிடங்கு கட்டி, பாங்கு லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி, பூட்டு, சாவி கொடுத்தார்கள். விபரீதம் தோன்றும் அந்த வேளையில் விஷம் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால் உயிர் தப்புகிறது. அந்த வேளை கடந்துபோகிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் தற்கொலை விகிதம் 100க்கு 70 பங்கு வரை குறைந்தது. மருந்துக் கம்பெனிகள் இதைப் பனியனில் அச்சடிக்குமா?

"எங்கே போவது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த நாடகமும் முடியக்கூடாது. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருக்க ஆட்களைக் கூட்டிப்போகிறவர்களை நாம் பரிகசிக்கமாட்டோம். வேறு கதவு திறந்திராதபோது கோயில் கதவு திறந்திருந்தது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிய நிலையில் 28 பேர் தீயில் வெந்ததையும் மறக்கமாட்டோம். சங்கிலி போடுவது இன்று சட்டவிரோதம். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், சர்க்கார் செலவில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக்கூடாது, அவரைக் கவனித்துக் காப்பது சர்க்காரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. சுவரில் எழுதுகிறவர்கள் சூரியனை எழுதாவிட்டாலும் இந்த ஐந்து இலக்கத்தைப் பெரிதாக எழுதட்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று 1996ல் தொடங்கிய ஒரு திட்டம் காகிதத்தில் எல்லா ஜில்லாவையும் எட்டிவிட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்: மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? சோர்வுக்கான மாத்திரை கையிருப்பில் உண்டா? தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகிறதே, பக்கத்திலேயே தொடர்ந்து மருந்து வாங்க முடியுமா? பதில் சொல்லாவிட்டால் தப்போடு போய்க் கேளுங்கள்.

வரும் பொங்கலுக்குச் சடுகுடுப் போட்டிக்கு வசூல் நோட்டு அச்சடிக்கும் வாலிபர்கள் இப்போதே மூன்று காரியம் முடிவு செய்யலாம்: சேரியும் ஊரும் கலந்த குழுக்கள்; இறுதி ஆட்டத்துக்கு முன் ஒரு நாடகம்; மறுவாரம் சுகாதார நிலையத்துக்கு, வர விரும்புகிறவரோடு கூடப் போய்வர ஆண்களில் இருவர், பெண்களில் இருவர். அந்த நால்வரின் பேரை நோட்டீஸில் கடைசி வரியில் போடுங்கள்.